ரகசியத் தகவலின் பேரில்

"எனக்குக் கிடைத்த நம்பத்தகுந்த ரகசியத் தகவலின் பேரில் நிலையக் காவலர்களுடன் புறப்பட்டுச் சென்றேன்." போதைப்பொருள் வழக்குக் கட்டு எதைப் பிரித்தாலும் இந்த வரி இருக்கும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஆஜராகும் ஜூனியர் வழக்கறிஞர்கள் முதலில் கேட்க நினைப்பதும் அந்தத் தகவலைச் சொன்னது யார் என்பதைத்தான். கேட்டுப் பயனில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் 131: குற்றத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 68ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

எனக்கு இதில் பெரிய சண்டை இல்லை. ஒரு வீட்டுச் சோதனை வழக்கில் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில், கையெழுத்துப் போட்ட சாட்சியை கிராஸ் (குறுக்கு விசாரணை) செய்துகொண்டிருந்தேன். "போலீசார் சொல்லித்தான் அந்த வீடே உங்களுக்குத் தெரியும், சரிதானே?" என்றேன். "இல்லைங்க, வீட்டைக் காட்டினதே நான்தானே" என்றார் மனிதர். அரசு உதவி வழக்கறிஞர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கூண்டில் நின்ற என் கட்சிக்காரர் சாட்சியையே பார்த்தார். வழக்குக்கு அது அருமையான பதில். பொதுசாட்சி என்று நிறுத்தப்பட்டவர் போலீசின் ஆள் என்றாகிவிட்டது. ஆனால் சாட்சியும் என் கட்சிக்காரரும் குடியிருப்பது ஒரே தெருவில். தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் வேறு, கூடவே வந்து மகஜரில் கையெழுத்தும் போடுபவர் வேறு. இரண்டாமவர் மறைந்து நிற்கக் கூடாது என்பேன். முதலாமவரை விட்டுவிடலாம்.

அதனால் ஆணா பெண்ணா, போனிலா நேரிலா என்று துருவுவதை நிறுத்திவிட்டேன். அந்த மாதிரி நாலு பதில் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எதிரிக்கு உண்மையில் உதவுவது காகிதம்தான். போதைப்பொருள் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி தகவலை எழுதி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். அடியோடு பின்பற்றாமல் விட்டால் ஏற்க முடியாது என்று 2009ல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. பெயரை மறைத்துவிட்டு அந்த நகலைக் கொடுத்தாலே நேரத்தையும் தேதியையும் வைத்துப் பாதி கிராஸ் நடத்திவிடலாம்.

எனக்கு ஆறாதது வேறு. இன்ஃபார்மருக்கான அதே போர்வையைச் சோதனை போட்ட அதிகாரியும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். "பொய் வழக்கு போட்டதாக உங்கள் மேல் 3(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கிறதா?" என்று துறை ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றிக் கேட்டால், "வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்று ஆட்சேபணை எழும். தகவல் உரிமைச் சட்டத்தில் போனால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி, தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். மெமோ, தண்டனை விவரங்களெல்லாம் அதற்குள் அடங்கும் என்று 2012ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் தீர்ப்பும் வந்துவிட்டது. சம்பளக் கணக்கோ விடுப்புக் கணக்கோ நான் கேட்கவில்லையே! அவர் வாய்ச்சொல்லை நம்பி ஒருவரைப் பத்து வருடம் உள்ளே அனுப்பப் போகிறோம் என்பதால்தான் கேட்கிறேன்.

கனடாவில் 2009ல் மெக்நீல் வழக்கில் இதற்கு வழி சொன்னார்கள். அங்கே எதிரியைக் கைது செய்த போலீஸ்காரர் மீதே போதைப்பொருள் புகார் இருந்தது. வழக்கைப் பாதிக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளைக் கேட்காமலேயே போலீஸ் அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றது அந்த உச்ச நீதிமன்றம். இங்கே 2022ல் மனோஜ் வழக்கில், அரசுத் தரப்பு திரட்டியும் தன் வழக்குக்குப் பயன்படுத்தாத ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தரச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் அதிகாரியின் தண்டனைப் பதிவு அந்த வழக்குக்காகச் சேகரித்த ஆவணமே இல்லை. பட்டியலில் எப்படி வரும்?

இப்போதெல்லாம் ஆவணங்களை நீதிமன்றத்துக்கு வரவழைக்கும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில், கேட்பதைக் குறுக்கி மனு போடுகிறேன். பொய் வழக்கு, கைப்பற்றிய பொருளில் கையாடல், சாட்சியத்தைத் திருத்தியது, இந்த மூன்று வகை நடவடிக்கை மட்டும். முதலில் நீதிபதி பார்க்கட்டும், தேவையென்றால் எனக்குத் தரட்டும். பெரும்பாலும் தள்ளுபடிதான். போன முறை மனுவின் நகலை வாங்கிப் படித்த அரசு வழக்கறிஞர் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "சார், இதெல்லாம் எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. ஆர்டர் ஆச்சுன்னா எனக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றார்.