திம்பம் மலையில் வண்டி நின்றுவிட்டால்

சத்தியமங்கலம் என்கிற சத்தி வழியாக மைசூர் பக்கம் போகிறவர்களுக்குத் திம்பத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டி ஏறத் தொடங்கும் சாலை 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே போகும். பெயருக்குத் தேசிய நெடுஞ்சாலை 948. ஆனால் நீள லாரி ஒன்று வளைவில் திரும்பினால் எதிர்வண்டி ஒதுங்கக்கூட இடமிருக்காது. அது பழுதாகி நின்றால் மேலேயும் கீழேயும் வரிசை கட்டிவிடும். இரண்டு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ, யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வளைவின் உட்புறத்தில்தான் ஏற்றம் அதிகம். பாரவண்டி அதை ஒட்டி ஏறினால் வேகம் செத்துவிடும். கியர் மாற்றுவதற்குள் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு இழுத்தால் கிளட்ச் பிளேட் புகையும், இல்லாவிட்டால் ஆக்சில் முறியும். நீள வண்டி ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் தடுப்புச் சுவரில் மாட்டுவதும் உண்டு. ஏர் பிரேக்கில் காற்று இறங்கிவிட்டாலோ பின்சக்கரங்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும், எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. கிரேன்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் கிரேனுக்கு வழி விடுவதுதான் வரிசையில் நிற்பவர் செய்யக்கூடிய ஒரே உதவி. நாலு கார்காரர்கள் வலப்பக்கம் ஏறி முன்னால் போய்ச் செருகிக்கொண்டால், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும். "அண்ணா, ஓரம் போட்டுக்கோங்க, கிரேன் வருதுங்க" என்று வண்டி வண்டியாகச் சொல்லிக்கொண்டு இறங்கி வருகிற லாரி கிளீனருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அவர் லாரியும் அதே வரிசையில்தான் நிற்கிறது. அவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள்.

முன்னே லாரி நின்றால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள்; கிளம்பும்போது அது பின்னால் உருளும். ஏற்றத்தில் எஞ்சினை அணைத்து முதல் கியரிலும், இறக்கத்தில் ரிவர்ஸ் கியரிலும் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது அடுத்த பழுதுக்கு அச்சாரம். போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும்போது வளைவின் பலகையில் உள்ள எண்ணைச் சொன்னால் வருகிறவருக்கு இடம் உடனே பிடிபடும்.

இனி கொஞ்சம் வெளியே பாருங்கள். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம், 1,408 சதுர கிலோமீட்டர். மற்ற நாளில் இந்தச் சாலையில் வண்டியை நிறுத்திக் காடு பார்க்க விடமாட்டார்கள். நெரிசல்தான் அந்த அனுமதியைத் தருகிறது! எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கியதும் கீழே முள்காட்டிலிருந்து மயில் அகவுவது கேட்கும். மேல் வளைவுகளில் என்றால் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு பளபளக்கும். மாயாறும் பவானியும் சேரும் இடத்தில் 1955-இல் கட்டி முடித்த அணை, 105 அடி. கோடையில் தண்ணீர் வற்றினால் அணை நீரில் மூழ்கிய டணாய்க்கன்கோட்டையின் கோயில் தலைகாட்டும். இங்கிருந்து தெரியாது என்றாலும் நினைத்துக்கொள்ளலாம்.

வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று. இறக்கையை அடிக்காமல் வட்டமிடும் கரிய பெரும்பறவை, இறக்கையின் அடியில் முன்விளிம்பை ஒட்டி வெள்ளைப் பட்டை தெரிந்தால் பாறுதான். ஐப்பசியில் பார்வையை மேகம் மறைக்கும், ஆனால் குளிர் இதமாக இருக்கும்.

கண்ணாடியை இறக்கலாம், காட்டுக்குள் இறங்கக் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். லாரியிலிருந்து வீசிய கரும்பைத் தின்று பழகிய யானைகள் மலைமேல் ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் வண்டிகளை மறிப்பதற்குக் காரணமே இந்தக் கருணைதான்.

கிளம்பும் முன்: டீசல், பெட்ரோல் சத்தியிலேயே, கழிப்பறை பண்ணாரியில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, நாலு கச்சாயம் (எண்ணெயில் பொரித்த வெல்லப் பலகாரம்). காரமான மிக்சர் வேண்டாம், தண்ணீரைத் தீர்த்துவிடும். நேரம்தான் முக்கியம். 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. விலக்குகள் அவ்வப்போது மாறும், சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவெல்லாம் தேங்கிய லாரிகள் ஆறு மணிக்கு மொத்தமாக ஏறுவதால், விடிந்ததும் போனால் சாலை காலியாக இருக்கும் என்ற கணக்கு இங்கே தப்பும். எட்டரைக்கு மேல் ஏறுவது நல்லது.

வழி திறந்ததும் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். மறந்துவிட்டுப் போனால் இருட்டும் நேரத்தில் பைக்கில் வருகிறவர் அதில்தான் விழுவார். இறங்குகிறவர்கள் இரண்டாம் கியரை விட்டு மேலே போக வேண்டாம். காத்திருந்த கோபத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பிரேக்கை மிதித்தபடி இறங்குவதால் அடுத்த வளைவில் கருகல் வாடை வரும். வந்தால் இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.