எட்டு வருடம் சேர்ந்த படை: விருப்பாச்சியிலிருந்து காளையார்கோவில் வரை

பையை இன்னும் பிரிக்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள், கையில் 3,500 ரூபாய். சிவகங்கை ராணி வேலு நாச்சியார் நாட்டை இழந்து எங்கே போனார், எங்கே படை சேர்த்தார், எந்த வழியில் திரும்பினார் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் கிளம்பினேன். பஸ், கட்டணம் எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முடிந்தவரை சொல்கிறேன்.

முதல் எரிச்சல் திண்டுக்கல்லிலேயே. பழனி பஸ்ஸில் ஏறி விருப்பாச்சிக்கு டிக்கெட் கேட்டால், "அங்கெல்லாம் நிக்காது, ஒட்டன்சத்திரத்துல இறங்கிக்கோங்க" என்று கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். ஊர் அதே பழனி சாலையில்தான் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஐம்பது நிமிடம் வெயிலில் நின்று டவுன் பஸ் பிடித்தேன். நீங்கள் போனால் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விருப்பாச்சியில் இறங்கியதும் கோபமெல்லாம் போய்விட்டது. தெற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. பெட்டிக்கடையில் மலைவாழைத் தார் தொங்கியது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே பழம். தோல் சுருங்கிப் பார்க்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும், உரித்து வாயில் போட்டால் தேன். நாலு பழம் தின்றேன். அதுதான் அன்றைய மதியச் சாப்பாடு.

இந்த ஊருக்கு ஏன் வந்தேன் என்றால், 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் நாச்சியாரின் கணவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் ஜோசப் ஸ்மித்தும் இன்னொரு பக்கம் பான்ஜோரும் நெருக்கி வந்தார்கள். ஆற்காட்டு நவாபுக்காக வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அது. சிவகங்கைக்கு நவாபு ஹுசைன் நகர் என்று பெயரே மாற்றிவிட்டார். வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி வந்து சேர்ந்த இடம் இந்த விருப்பாச்சி. இடம் கொடுத்தவர் பாளையக்காரர் கோபால் நாயக்கர். பக்கத்தில் திண்டுக்கல் கோட்டை மைசூரை ஆண்ட ஹைதர் அலி கையில் இருந்தது.

சிவகங்கையிலிருந்து இங்கே 150 கிலோமீட்டர் போல வரும். மண் நவாபு கையில், வரி வருமானம் கிடையாது, கட்டிய கணவர் இல்லை. இந்த நிலையில் ஒருவர் படை சேர்க்க என்ன செய்வார்? முதலில் கடிதம் எழுதினார்கள். பிரதானி, அதாவது முதன்மை அமைச்சர், தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பர் 8 அன்று ஹைதர் அலிக்கு எழுதிய கடிதத்தில் 5,000 குதிரைப் படையும் 5,000 காலாட்படையும் கேட்டார். கேட்டதும் கிடைத்துவிடவில்லை. அந்த முதியவர் நாடு திரும்பியதைப் பார்க்காமலே இறந்துபோனார். 1780இல் ஹைதர் கம்பெனியோடு பெரிய போரில் இறங்கிய வேளைதான் சிவகங்கைப் படை புறப்பட்ட வேளையும். நடுவே எட்டு வருடம்!

நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் கடைசிச் சண்டைக்குத் தாவிவிடுகிறோம். மேடையில் வாள் சுழலும், கைதட்டுவோம். எனக்கு அந்த எட்டு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. அடுத்தவர் ஊரில் உட்கார்ந்து, வந்தவர்களைக் கலையாமல் காப்பாற்றி, சரியான நேரம் வரும்வரை பொறுத்திருப்பது சண்டையை விடக் கடினம்.

அதைவிடப் பெரியது தளபதிகளைத் தேர்ந்தெடுத்தது. மருது சகோதரர்கள் அரச குடும்பம் அல்ல, நரிக்குடிப் பக்கத்திலிருந்து அரண்மனைச் சேவகத்துக்கு வந்தவர்கள். நாட்டை மீட்டுத் திரும்பி வந்த நாச்சியார் பெரிய மருதுவைத் தளவாய், அதாவது படைத்தலைவர், ஆக்கினார், சின்ன மருதுவைப் பிரதானி ஆக்கினார். அண்ணன் தம்பியில் யாருக்கு எது என்பதில் அவர் கணக்கு தப்பவில்லை. சாட்சி எதிரியிடமே இருக்கிறது. கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1795இல் இவர்களோடு பழகியவர். பெரிய மருது வேட்டையே கதி என்று இருப்பவர், ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலால் வளைத்துவிடுவார் என்று சொல்வார்கள் என எழுதியிருக்கிறார். சின்ன மருது சிறுவயலில் காவல் இல்லாத திறந்த அரண்மனையில் இருந்தார், யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்கிறார். தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்றும் எழுதியிருக்கிறார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். இரவு திண்டுக்கல்லில் சீரக சம்பா பிரியாணி. 220 ரூபாய் என் கணக்குக்கு அதிகம்தான், ஆனால் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் மதுரை வழியாகச் சிவகங்கை. சூரக்குளம் சாலையில் நாச்சியார் நினைவு மண்டபத்தைப் பார்த்தேன். அவர் படையில் இருந்த குயிலிக்கும் அங்கேயே நினைவுத்தூண் இருக்கிறது.

மூன்றாம் நாள் கொல்லங்குடி. பஸ் ரோட்டிலிருந்து வெட்டுடையார் காளி கோயிலுக்கு ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். ஏறும்போது "பாத்துக் குடுங்கண்ணே" என்றவர், இறங்கும்போது 300க்குக் குறைய மாட்டேன் என்று நின்றார். இது அநியாயம். வாக்குவாதம் செய்து 250 கொடுத்தேன், அதுவே என் மதியச் சாப்பாட்டுக் காசு. திரும்பும்போது நடந்தே வந்துவிட்டேன், நடக்கிற தூரம்தான். ஏறும் முன் பேசிவிடுங்கள்.

கோயிலில் பூ விற்ற அம்மா உடையாள் கதையைச் சொன்னார். ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட பெண். நாடு திரும்பிய நாச்சியார் தன் வைரத் தாலியை இங்கே காணிக்கையாக வைத்தார் என்பது ஊர் வழக்கு. "அவ சொல்லியிருந்தா ஏதுப்பா ராணி, ஏது படை?" என்றார் அந்த அம்மா. தளவாய், பிரதானி என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைத்தது. வாய் திறக்காத சனமும் அந்தப் படையில் சேர்த்திதான்.

அங்கிருந்து காளையார்கோவில். மருதுகள் எழுப்பிய ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. மானாமதுரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றியே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். 1801இல் மருதுகள் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது சனங்கள் இவர்கள் பின்னால் ஏன் வந்தார்கள் என்று கேட்பவர்கள் அந்தக் கோபுரத்தின் கீழே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

அந்த வருடம் ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் கூப்பிடுகிறது. அதோடு நிற்கவில்லை, கம்பெனிச் சம்பளம் வாங்குகிற சுபேதார், ஜமேதார், அவில்தார், சிப்பாய்களையும் பதவி சொல்லி அழைக்கிறது. எதிரியின் பட்டாளத்துக்குள்ளேயே ஆள் சேர்த்த துணிச்சல் அது. கம்பெனித் தளபதி கர்னல் அக்னியூவின் ஆட்கள் சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் போல முயன்று கைவிட்டார்கள். வேறு வழியாக வந்து அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தார்கள். 24ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். வளரி கற்றுக்கொண்ட வெல்ஷும் அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் இருந்தார்.

கோயிலுக்கு எதிரே இரண்டு பேரின் சமாதியும் இருக்கின்றன. யாரோ காலையில் போட்ட செவ்வந்தி மாலை வாடாமல் இருந்தது. பக்கத்தில் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் இருந்தது, திரும்பப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.