மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் விழுந்த சைடுபார்

"ஏன் தம்பி, உன் வெப் பக்கத்துல பாதி கீழ விழுந்து கெடக்குது?" என்று கேட்டார் பிரவுசிங் சென்டர் அண்ணன்.

2008, மார்ச் கடைசி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மாடி, மணிக்கு 20 ரூபாய். வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, நெட் கிடையாது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என் வலைப்பூவுக்கு நானே எழுதிய 'தீம்' (theme, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புரு) கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து அன்றுதான் ஏற்றியிருந்தேன். வீட்டில் ஃபயர்பாக்ஸ் 2 பிரவுசரில் இடப்பக்கம் பதிவு, வலப்பக்கம் சைடுபார் எனும் ஓரப்பட்டி என்று கச்சிதமாக நின்றது. இங்கே மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. வலப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்க, சைடுபார் பதிவெல்லாம் முடிந்த பிறகு அடியில் போய்ப் படுத்திருந்தது.

ஐ.இ. 6 வந்தது 2001-இல். 2006-லேயே ஐ.இ. 7 வந்துவிட்டாலும் நான் போய்வந்த சென்டர்களில் யாரும் மாற்றியிருக்கவில்லை. என்னைப் படிக்கக்கூடிய நாலு பேரும் உட்காருவது அங்கேதான். 'ஃபயர்பாக்ஸில் பார்க்கவும்' என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டுத் தப்பிக்க வழியில்லை.

பிரவுசருக்குப் பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. எந்தப் பெட்டி பிதுங்குகிறது என்று பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு பார்டர் போட்டேன். அது மகா தப்பு. பார்டர் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு பிக்சல் கூட்டிவிடும். அதுவரை ஒழுங்காக இருந்த ஃபயர்பாக்ஸிலும் சைடுபார் விழுந்தது. ஒரு நாள் முழுக்க இல்லாத நோய்க்கு மருந்து தேடினேன். பிறகுதான் பார்டரை எடுத்துவிட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பின்னணி நிறம் கொடுத்தேன். நிறம் இடத்தை அடைக்காது.

கணக்கு இதுதான். 800-க்கு 600 திரையில் ஸ்குரோல்பார் போக அடங்கும்படி மொத்த அகலம் 760 பிக்சல். பதிவு 500, அதற்கு இடப்பக்க மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) 20, சைடுபார் 240. கூட்டினால் 760, ஒரு பிக்சல் மிச்சமில்லை. நிறம் போட்டுப் பார்த்தபோது ஐ.இ. 6-இல் பதிவின் இடது ஓரத்தில் மட்டும் இடைவெளி ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயிண்டில் அளந்தேன். 40. ஃப்ளோட் லெஃப்ட் செய்த, அதாவது இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்திய பெட்டிக்கு அதே இடப்பக்கம் மார்ஜின் கொடுத்தால், வரிசையில் முதலில் நிற்கும் பெட்டிக்கு ஐ.இ. 6 அதை இரண்டு மடங்காக்கிவிடுமாம். 780 ஆனதும் சைடுபாருக்கு இடம் பற்றாமல் கீழே இறங்கிவிட்டது.

தீர்வைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தப் பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று ஒரு வரி, அதாவது எழுத்தைப் போல வரிக்குள்ளேயே நில் என்று. ஃப்ளோட் ஆன பெட்டி எப்படியும் பிளாக்காகத்தான், தனிக் கட்டமாகத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது விதி. மற்ற பிரவுசர்கள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ஐ.இ. 6-க்கு மட்டும் ஏனோ அதைப் படித்ததும் புத்தி வந்துவிடுகிறது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். பக்கம் எந்த வகை என்று தலையில் சொல்லும் டாக்டைப் வரிக்கு மேலே எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி ஒன்று இருந்தால் ஐ.இ. 6 பழைய கணக்குக்குப் போய்விடும். பெட்டிக்கு உள்ளே விடும் இடைவெளியான பேடிங்கை அகலத்துக்கு உள்ளேயே கழித்துக்கொள்ளும். அந்த வரியைத் தூக்கினேன். தலைப்பில் ஒகேனக்கல் பரிசல் படம், பின்னணி ஊடுருவித் தெரியும் பிஎன்ஜி வகைப் படம். ஐ.இ. 6-இல் பரிசலைச் சுற்றிச் சாம்பல் நிறக் கட்டம். அதைச் சரிக்கட்டும் ஃபில்டர் வித்தையெல்லாம் வேண்டாம் என்று ஜிஃப் வகைப் படமாக்கிவிட்டேன். ஐ.இ.-க்கான ஒட்டுவேலை எல்லாவற்றையும் தனிக் கோப்பில் போட்டு, ஐ.இ. மட்டும் படிக்கும் கண்டிஷனல் கமெண்ட் வழியாக அழைத்தேன். ஐ.இ.-க்கு மட்டும் எட்டும்படி ஸ்டார், அண்டர்ஸ்கோர் என்று மெயின் கோப்பிலேயே குறி போட்டு எழுதியவர்களும் உண்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எழுதியவருக்கே புரியாது.

இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஒரு நண்பர், "பத்திரிகை மாதிரி ரெண்டு ஓரமும் நேரா இருந்தா நல்லாருக்குமே" என்றார். ஜஸ்டிஃபை போட்டேன். சென்டரில் ஐ.இ. 6-இல் அழகாக வந்தது. வீட்டுக்கு வந்து ஃபயர்பாக்ஸில் திறந்தால் தமிழ் உடைந்து கிடக்கிறது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுக் கழன்று தனித்தனியாக நிற்கின்றன. 'கொடி' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியவில்லை. இத்தனை நாளும் நான் நல்ல பிள்ளை என்று நம்பிய பிரவுசர் அது. ஃபயர்பாக்ஸ் 2-இல் ஜஸ்டிஃபை செய்தாலோ, எழுத்துகளுக்கிடையே லெட்டர் ஸ்பேசிங் கொடுத்தாலோ தமிழ் இப்படித்தான் சிதறும். 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3-இல்தான் சரியானது. அதுவரை காத்திருக்காமல் ஜஸ்டிஃபையை எடுத்துவிட்டேன். எடுத்ததில் வருத்தமும் இல்லை. தமிழில் சொற்கள் நீளம். 500 பிக்சல் அகலத்தில் வரிக்கு ஐந்தாறு சொல்தான் நிற்கும். ஓரத்தை நேராக்கினால் நடுவில் சொல்லுக்குச் சொல் ஒரு சந்து விழுகிறது.

அண்ணனின் கல்லாப்பெட்டி சிஸ்டத்தில் இன்னொரு கூத்து. அங்கே ஃபயர்பாக்ஸ் இருந்தது, ஆனால் ஜஸ்டிஃபை இல்லாமலேயே கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்தது. அது என் சிஎஸ்எஸ் (தீமில் தோற்றத்தைச் சொல்லும் வரிகள்) பிழையே இல்லை. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் ஆப்ஷன்ஸ் போய், தமிழ் போன்ற எழுத்துகளைச் சேர்த்துக் காட்டுவதற்கான காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் விண்டோஸ் எக்ஸ்பி சிடியைக் கேட்டது. சிடி எங்கே என்று அண்ணனைக் கேட்டேன். "அது வாங்கினாத்தானப்பா இருக்கும்" என்றார்.

ஆங்கிலத் தீம் ஒன்றைப் பார்த்து எழுதியதால் வந்த வினைகள் தனி. 12 பிக்சலில் லதா எழுத்துரு கண்ணைக் குத்தியது. 14-க்கு ஏற்றி, வரி உயரத்தை 1.7 ஆக்கினேன். மேற்கோளுக்குச் சாய்வெழுத்து வைத்திருந்தேன். தமிழைச் சாய்த்தால் காற்றில் விழுந்த சோளத்தட்டு மாதிரி இருக்கிறது, நிமிர்த்தினேன். சுட்டிகளுக்கு அடிக்கோடு போட்டால் 'கு', 'டு', 'ழு' வின் வாலை அறுத்துக்கொண்டு போனது. அடிக்கோட்டை நீக்கிவிட்டு, எழுத்துக்குக் கீழே இரண்டு பிக்சல் விட்டு பார்டர் பாட்டம் (பெட்டியின் அடி ஓரத்துக் கோடு) வைத்தேன்.

ஐ.இ. கோப்பை எப்போதோ அழித்தாயிற்று. போன மாதம் தீம் கோப்பைத் திரும்ப எழுதும்போது அடிக்கோட்டைச் சும்மா போட்டுப் பார்த்தேன். இப்போதைய பிரவுசர்கள் வால் வரும் இடத்தில் கோட்டைத் தானே விட்டுவிட்டு வரைகின்றன. ஆங்கிலத்தில் அது நேர்த்தி. 'குருவிக்கூடு' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு துண்டுதுண்டாக எறும்பு ஊர்வது போலப் போனது. பார்டர் பாட்டத்தையே திரும்ப வைத்துவிட்டேன்.