ஃபெர்கானாவில் கடைசி வாரம்

இன்னும் ஆறு நாளில் கிளம்ப வேண்டும். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தால், மூடி திறக்காத ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். ஐந்து மாதத்துக்கு முன்னால் வீட்டில் கொடுத்துவிட்ட மூன்றில் ஒன்று. ஊர் ஞாபகம் வரவில்லை. இதை அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான் வந்தது.

உஸ்பெகிஸ்தானில், ஃபெர்கானா பள்ளத்தாக்கில் ஒரு புது நூற்பாலை. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில் 1,200. கோவையிலிருந்து மெஷின் வந்து இறங்கிவிட்டது. உள்ளூர் ஃபிட்டர்களை வைத்து அதைக் கோத்து, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டியது என் வேலை. இரண்டு பேர் போவதாகத்தான் முதலில் பேச்சு. இன்னொருவர் கடைசி நேரத்தில் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் கடைசியில் வந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. வரப்பு நெடுக மொட்டை அடித்த முசுக்கட்டை மரங்கள். பட்டுப்புழுவுக்காகக் கிளையைக் கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். சோவியத் காலத்தில் இந்தப் பஞ்சில் பெரும்பகுதி வெளியே போய்த்தான் நூலானது. 2020-ல் அரசாங்கம் பருத்திக்கு இருந்த கட்டாய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது. இப்போது பஞ்சாக விற்காமல் நூலாகவும் துணியாகவும் விற்பதில் குறியாக இருக்கிறார்கள். எனக்கு இங்கே சோறு கிடைப்பதே அதனால்தான்.

முதல் நாளே ஃபிட்டர் பையன்கள் “அகா, அகா” என்று பின்னால் வந்தார்கள். என் காதில் அது ‘அக்கா’ என்றுதான் விழுந்தது. கிண்டல் செய்கிறார்களோ என்று முறைத்தேன். உஸ்பெக்கில் அகா என்றால் அண்ணனாம். அக்காவுக்கு ஓபா. சரி, அண்ணன் என்று தெரிந்த பிறகு முறைப்பதை விட்டுவிட்டேன்.

தனியாக வெளிநாட்டுக்குப் போகிறாயே என்று வருத்தப்பட்டவர்கள் எல்லாரும் சாப்பாட்டைத்தான் சொன்னார்கள். அது ஒரு பிரச்சினையே இல்லை. தந்தூரில் சுட்ட நான் ரொட்டி, தக்காளி, வெங்காயம், பச்சைத் தேநீர், நாள் ஓடிவிடும். வீட்டோடு பேசுவதும் சுலபம், நேரம் அரை மணிதான் வித்தியாசம். தனியாக இருப்பதில் உண்மையான கஷ்டம் வேறு. நாம் செய்வது தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

ஜனவரியில் அது நடந்தது. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒன்பதாம் நம்பர் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. நூலை வழிநடத்தும் சின்ன வளையமான டிராவலரை மாற்றினேன். பஞ்சை இழுத்துக் கொடுக்கும் டாப் ரோலர்களைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஸ்பிண்டில் சென்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று நாள். நான் சொன்னதை எல்லாம் பையன்கள் மறுபேச்சு இல்லாமல் செய்தார்கள், அதுதான் வினை. கோவையாக இருந்தால் முதல் ஷிஃப்டிலேயே எவனாவது, “அண்ணே, ஆர்.ஹெச். பார்த்தீங்களா?” என்று காற்றின் ஈரப்பதத்தைக் கேட்டிருப்பான்.

அந்த மெஷினில் அறுந்த நூலை ஒட்டும் சைடராக இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லாருக்கும் அவர் ஓபா, எனக்கும். மூன்றாம் நாள் மாலை என் சட்டைக் கையைப் பிடித்து மெஷின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஒருமுறை உதறினார். பட்பட்டென்று பொரிந்தது. துணியை என் முழங்கை அருகே கொண்டுவந்தார். ரோமம் எழுந்து நின்றது. பிறகு மேலே காற்றுக் குழாயைக் கையால் காட்டினார்.

காற்று காய்ந்துபோனால்தான் துணி அப்படிப் பொரியும், நூலும் அறும். மீட்டர் கொண்டுவந்து வைத்தால் ஈரப்பதம் நாற்பது சதவீதத்தைத் தொடவில்லை. ஐம்பத்தைந்தாவது இருக்க வேண்டிய இடம். ஈரக் காற்று வரும் அந்தப் பக்கத்துக் குழாயில் தடுப்புத் தகடு பாதி மூடிக் கிடந்தது. மெஷினை முதலில் ஓட்டிப் பார்க்கும் கமிஷனிங்கின்போது திறந்து சரிபார்த்ததாக டிக் அடித்தவன் நானேதான். திறந்துவிட்டோம், இரவு ஷிஃப்டுக்குள் நூல் அறாமல் ஓடியது. ரிப்போர்ட்டில் ‘ஈரப்பதம் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். யார் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இருந்திருந்தாலும் அன்றைக்கு எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் தேநீர் இடைவேளையில் ஓபா பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார். நம் ஊரில் அப்படிக் கொடுத்தால் சண்டை வரும். இங்கே அதுதான் மரியாதை. தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தமாம்.

நேற்று அவர் வீட்டில் சுட்ட நான் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நடுவில் பூ அச்சுக் குத்தியது. கடி என்று சைகை காட்டினார். பிய்க்கப் போனேன், இல்லை, பல்லால் கடிக்க வேண்டுமாம். ஆங்கிலம் தெரிந்த ஸ்டோர் பையன் விளக்கினான்: பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார், மிச்சத்தை அவர் திரும்பி வரும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அடுத்த சர்வீஸுக்கு யாரை அனுப்புவது என்பது கோவையில் முடிவாகும். அநேகமாக நான் இல்லை. எனக்கு வேறு நாடு எழுதியிருக்கிறது என்று போன வாரமே போனில் சொல்லிவிட்டார்கள். ஓபா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தைக் கடித்துவிட்டு நானை அவர் கையில் கொடுத்தேன்.