ஏற்காட்டு குரூப்ல சுத்துன புள்ளி பூனை

எங்க சேலம் வாட்சாப் குரூப்ல போன வாரம் ஒரு போட்டோ வந்துச்சு, ஏற்காடு எஸ்டேட்ல சிறுத்தைக் குட்டி, நைட்ல யாரும் பைக்ல போகாதீங்கன்னு. போட்டோல இருந்தது சிறுத்தையும் இல்ல, குட்டியும் இல்ல, நம்ம நாட்டு மிருகமே இல்ல. அது மார்கே. மெக்சிகோ தொடங்கி அமேசான் தாண்டி வட அர்ஜென்டினா வரைக்கும் இருக்கற காட்டுப்பூனை, முழுசா வளந்தாலே மூணு நாலு கிலோதான். சொன்னேன், ஒருத்தரும் கண்டுக்கல, சரி இங்கயாவது எழுதுவோம்.

ஏற்காட்டுல சித்தி வீட்டுப் பூனை பலாமரத்துல சர்ருனு ஏறிடும், அப்புறம் மேல உக்காந்துகிட்டு ஒரே கத்தல். "ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கத் தெரியாதாக்கும்"னு திட்டிகிட்டே சித்தி ஏணிய எடுத்துட்டு வருவாங்க. பூனை நகம் பின்பக்கமா வளைஞ்சது, ஏறும்போது கொக்கி மாதிரி மாட்டும், தலைகீழா எறங்குனா பிடி கிடைக்காது, பின்னாடியே நகந்து நகந்துதான் வரணும். மார்கேவுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல. பின்னங்கால் கணுக்கால் கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்பும், அதனால தலை கீழ பாத்தபடியே மரத்துல எறங்கும், ஒத்தப் பின்னங்கால்ல கிளையப் புடிச்சு தொங்கக்கூட செய்யும். நம்ம அணிலும் பின்னங்கால திருப்பிதான் அப்படி எறங்குது, ஆனா பூனை குடும்பத்துல இது ரொம்ப அபூர்வம். வாலு வேற உடம்பு நீளத்துல பாதிக்கு மேல, கிளை மேல பேலன்ஸ் பண்ண. நைட்ல திரியறதால கண்ணு ரெண்டும் முகத்துக்கு மீறின சைஸ்.

எனக்குப் புடிச்சது இதுதான்: 2005ல பிரேசில்ல மனாவுஸ் நகரத்துக்குப் பக்கத்து காட்டுல எட்டு டமரின் குரங்கு அத்தி வகை மரம் ஒண்ணுல தின்னுட்டு இருந்துச்சுங்க, அப்ப மறைவுல இருந்து குரங்குக்குட்டி கத்தற மாதிரி சத்தம், காவலுக்கு இருந்த குரங்கு என்னன்னு பாக்க எறங்குது, பாத்தா கத்துனது மார்கே! மிமிக்ரி ரொம்ப சுமார்தான், கடைசில ஒண்ணும் சிக்கல, ஆனா நம்பி வந்துச்சுல்ல.

குட்டி விஷயத்துலதான் பாவம். வீட்டுப்பூனை ரெண்டு மாசத்துல நாலஞ்சு போட்டுரும், இதுக்கு வயித்துல 80 நாள் கிட்ட ஆகும், பெரும்பாலும் ஒரே குட்டி, பால் காம்பே ரெண்டுதான். இத்தனை மெதுவா பெருகற ஜீவன, கோட்டு தைக்க தோல் வேணும்னு எண்பதுகள் வரைக்கும் சுட்டுத் தள்ளுனாங்க. இப்ப தோல் யாவாரத்துக்கு சர்வதேச தடை இருக்கு, ஆனா காடு அழியறது நிக்கல, மரத்துலயே பொழைக்கற மிருகத்துக்கு மரம் போச்சுன்னா எங்க போகும்.