வேலைக்குப் போகிற வழியிலேயே டிரையத்லன்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற போட்டிதான் டிரையத்லன். அதற்குப் பழக ஆசை, ஆனால் நேரம் எங்கே என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் போகிறது? கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆனால் காலையில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே பொறுமை போய்விடும், பின்னேரம் அதைவிட மோசம். அது எப்படியும் உங்கள் கையை விட்டுப் போகிற நேரம். அதனால் விடிய நாலு மணிக்கு எழும்பி ஒரு பயிற்சி, இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொன்று என்று அட்டவணை போடுவதை விட்டுவிட்டு, போகிற வழியையே பயிற்சியாக்குங்கள். சைக்கிளையும் ஓட்டத்தையும் வேலைப் பயணத்துக்குள் அடக்கிவிடலாம். நீச்சலுக்கு மட்டும்தான் தனி நேரம் வேண்டும், மிச்சம் பிடிக்கிற நேரம் முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

2018 பெப்ரவரியில் அயன்மேன் 70.3 என்ற நீண்ட தூர டிரையத்லன் போட்டி முதன்முறையாகக் கொழும்பில், காலி முகத்திடலை மையமாக வைத்து நடந்தது. அதற்குப் பிறகு டிரையத்லன் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது அந்தத் தூரங்கள்தான்: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். கேட்டவுடனேயே ஆள் பின்வாங்கிவிடுவார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது தேவையே இல்லை. ஸ்பிரிண்ட் என்று ஒரு தூரம் இருக்கிறது: 750 மீற்றர் நீந்தி, 20 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, 5 கிலோமீற்றர் ஓட வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் சைக்கிளில் போய் வந்தாலே 15 கிலோமீற்றருக்குக் குறையாது, அதாவது அந்தச் சைக்கிள் தூரத்தில் முக்கால்வாசியை நீங்கள் வேலைக்குப் போகிற சாட்டிலேயே ஓட்டிவிடுகிறீர்கள்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கொழும்பில் எத்தனை பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சைக்கிள்களில் பாதி இப்போது மாடிப்படிக்குக் கீழே தூசு பிடித்துக் கிடக்கின்றன. அதில் ஒன்று போதும். பந்தயச் சைக்கிள், கார்பன் என்றெல்லாம் முதல் வருடத்தில் காசைக் கொட்டாதீர்கள். பிரேக் பிடிக்க வேண்டும், பின்னால் ஒரு சிவப்பு லைட் எரிய வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும், மிச்சமெல்லாம் பிறகு.

ஆறரைக்கு முன் வெளிக்கிட்டால் மரைன் டிரைவ் ஓரளவு காலியாக இருக்கும். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல், குறுக்கு வீதிகள் எல்லாம் மறுபக்கத்தில்தான், அதனால் கவனம் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு காலி வீதிக்கு ஏறித்தான் ஆக வேண்டும், அங்கே பஸ் திடீரென்று இடது ஓரத்துக்கு ஒதுங்கும், ஓட்டோ சொல்லாமல் திரும்பும். காலைப் பயணத்தில் வேகமே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் முழு வசனமாகப் பேச முடிகிற வேகம்தான் சரி, அதுதான் தாங்குசக்திக்கு அடித்தளத்தைக் கட்டுகிற வேகம், வேர்வையும் குறையும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது முன்பக்கத்தில் சாய்வாக எதிர்த்து அடிக்கும். மலை இல்லாத ஊரில் அதைவிட நல்ல ஏற்றப் பயிற்சி கிடைக்காது. லேசான கியரில் காலை விடாமல் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

அந்தக் கடல்காற்றால் ஒரு தொல்லையும் உண்டு. செயினைத் தொட்டுப் பார்த்தால் விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டும், இணைப்புகளின் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் சைக்கிள் திருத்தக் கொடுக்கிற அண்ணை பார்த்த உடனேயே சொன்னார்: "தங்கச்சி, மரைன் டிரைவால போய் வாறீங்கள் போல. கிழமைக்கு ஒருக்கா பழந்துணியால துடைச்சுப்போட்டு எண்ணெய் விடுங்கோ, இல்லாட்டி இந்தச் செயின் வருசம் தாங்காது." ஞாயிறு பின்னேரம் பத்து நிமிட வேலை. எண்ணெய் விட்டபின் மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், விட்டால் மணலைப் பிடித்துக்கொள்ளும்.

அலுவலகத்தில் குளிக்க வசதி இருந்தால் நல்லது, பல இடங்களில் இல்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் போங்கள், கிழமைக்கான உடுப்பு, சப்பாத்து, துவாய் எல்லாவற்றையும் அன்றைக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் வேர்வை காயாது, அதனால் போன உடனே உடுப்பு மாற்றக் கூடாது, ஒரு கால் மணித்தியாலம் மின்விசிறிக்குக் கீழே இருந்து உடம்பு ஆறிய பிறகு ஈரத் துவாயால் துடைத்துவிட்டு மாற்றுங்கள். முதுகில் பையைச் சுமக்காமல் கரியரில் கட்டினால் முதுகு நனையாது.

ஓட்டத்துக்கு வருவோம். சைக்கிள் எடுக்காத நாளில் பின்னேரம் ரயிலில் வந்து முன்கூட்டியே இறங்கிவிடுங்கள். பம்பலப்பிட்டியில் இறங்கினால் வெள்ளவத்தை நிலையத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர், கொள்ளுப்பிட்டியில் இறங்கினால் 4. முதல் மாதம் பம்பலப்பிட்டி, ஓடிக் கொஞ்சம் நடந்து மறுபடி ஓடி. அப்புறம் கொள்ளுப்பிட்டி. வாசலில் தொங்கிக்கொண்டு வருகிற கூட்டத்தில் இரண்டு நிலையம் முன்னதாக இறங்குவது உண்மையில் ஒரு விடுதலை. கிழமையில் ஒருநாள் மட்டும், சைக்கிளில் வீடு வந்து அதை உள்ளே விட்ட கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். முதல் சில நிமிடம் கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆனால் பழகிவிடும். போட்டியில் சைக்கிளை விட்ட உடனேயே ஓட வேண்டும், அதைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சி.

சில நாட்களில் விடிய ஐந்தரைக்கே இறங்கி ஓடுவேன். "இருட்டுக்குள்ள எங்க பிள்ளை வெளிக்கிடுறாய்?" என்று அம்மா கேட்பார். "கொஞ்சத்தில விடிஞ்சிடும் அம்மா, ரோட்டு முழுக்க ஆக்கள்தான் நடக்கினம்." அது உண்மையும்தான், அந்த நேரத்தில் மரைன் டிரைவில் நடக்கிற அம்மாக்களும் ஐயாக்களும் நிறையப் பேர். பெண்கள் தனியாக ஓடத் தயங்கினால் அந்தக் கூட்டம் இருக்கிற நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

நீச்சலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்கு நீந்தத் தெரியாது. யாரும் பழக்கவில்லை, உடுப்பு என்ன, யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளிலேயே வயது போய்விட்டது. நானும் வளர்ந்த பிறகுதான் பழகினேன். கையும் முழங்காலும் மூடுகிற நீச்சலுடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குகிற தடாகங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஒரு பயிற்றுநரிடம் பழகுங்கள், வீடியோ பார்த்துப் பழகுகிற விஷயமல்ல இது. முதலில் பழக வேண்டியது கையடியோ காலடியோ அல்ல, தண்ணீருக்குள் மூச்சை விடுவது. முகம் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அடக்கி வைத்துக்கொண்டு தலையைத் தூக்கும் ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் பார்ப்பதால்தான் திணறுகிறது. பார்வை தடாகத்தின் அடியில் இருந்தால் இடுப்பு தானாக மேலே வரும். 25 மீற்றர் தடாகத்தில் 750 மீற்றர் என்பது 30 நீளம். ஒரேயடியாக நீந்தப் பார்க்காதீர்கள், ஒரு நீளம், ஒரு ஓய்வு, அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடலை டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் இறங்கவே வேண்டாம். கடல் அடங்கிய பிறகும் கல்கிசையில் தனியாக இறங்காதீர்கள், நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரோடு, பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வெளிக்கிட முன் ஒரு கதலி வாழைப்பழம், போய்ச் சேர்ந்த பிறகு இடியப்பமும் பருப்பும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, வேர்வையோடு போகிற தாதுக்களில் பொட்டாசியத்தைவிடச் சோடியம்தான் அதிகம், அதனால் நீண்ட நேரம் பயிற்சி செய்கிற நாளில் உப்பும் சேர வேண்டும். கிழமையில் ஒருநாள் முழு ஓய்வு. அன்றைக்கு பஸ்ஸில் இருந்து தூங்கிக்கொண்டு போங்கள்.

வத்தளை, ஜா-எல பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு முழுத் தூரத்தையும் சைக்கிளில் ஓட்டுவது நடக்காத காரியமாக இருக்கலாம். ஒரு துண்டு போதும். இருபது நிமிடம் என்றாலும் தொடர்ந்து விடாமல் ஓட்டினால் உடம்பு அதைக் கணக்கில் எடுக்கும். வருகிற ஞாயிறு விடிய, வீதி வெறுமையாக இருக்கும்போது, அந்தத் துண்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே குழி இருக்கிறது, எந்தச் சந்தியில் இறங்கித் தள்ள வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அலுவலக வாசலில் நிற்கிற காவலாளி ஐயாவிடம் சைக்கிளைப் பூட்டி வைக்க எது நல்ல இடம் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.