நாலு வயர் போதும்க்கா

"உங்க சிலோன்ல நெட் எல்லாம் இருக்காக்கா?" ஏணியில் நின்றபடியே கேட்டான் கேபிள் தம்பி. கையில் எங்கள் வீட்டு லேன் வயர், குரங்கு தொங்கி அறுத்து இரண்டு துண்டாக. கோத்தகிரிக் குரங்குகளுக்குக் கூரையோரம் போகும் வயர் மேல் அப்படியொரு பிரியம்.

சுருக்கென்றது. இலங்கையில் 1989லேயே செல்போன் வந்தாயிற்று, இங்கே முதல் செல்போன் பேச்சே 1995 ஜூலையில்தான், 3ஜியும் எங்களுக்கு 2006லேயே என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "அப்படியாக்கா" என்று டேப்பைப் பல்லால் கடித்தான். அந்த 1989இல் ஹட்டனுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் கரண்டே கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"நாலு வயர் போதும்க்கா." நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் வெட்டிவிட்டு, ஆரஞ்சையும் பச்சையையும் மட்டும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனான். நெட் வந்தது. அத்தைக்குச் சீரியல் ஓடியது. 300 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டி, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு 94ஐத் தாண்டவில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை, எரிச்சலே அதுதான். 100 எம்பிபிஎஸ் வரை இரண்டு ஜோடியே போதும். அதற்கு மேல் நாலு ஜோடியும் வேண்டும். ஜோடிகளை முறுக்கி வைத்திருப்பதே வெளி இரைச்சல் உள்ளே ஒட்டாமலிருக்க. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. தம்பி ஒரு சாண் பிரித்திருந்தான்.

பிறகு ஐப்பசி மழை. இந்த ஊர் மழைக்கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஹட்டனில் வைகாசியிலிருந்தே ஊற்றும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவக்காற்று வந்தால்தான் பெருமழை. ஆடி மாதம் குடையும் கையுமாகக் கிளம்புகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். டேப்புக்குள் தண்ணீர் இறங்க, வீடியோவில் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, திறந்த வாயோடு நின்றுவிட்டாள்.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. காட்டுமாடு வாசலில் நின்றால் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கிறேன். சம்பல்கூட மாசி இல்லாமல் இறங்குகிறது. ஆனால் டேப் சுற்றிய வயரைப் பார்த்தால் மட்டும் மனசு ஹட்டனுக்கு ஓடிவிடுகிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். காமன் கூத்துக்கு லயத்திலிருந்து லயத்துக்கு ஒலிபெருக்கி வயர் இழுப்பவர் அவர்தான். டார்ச் பிடிப்பவள் நான். வயர் அறுந்து மைக் ஊமையாகி, ரதியும் மன்மதனும் அரிதாரத்தோடு பனியில் காத்திருக்க, அவர் அவசரப்படாமல் முடிந்து "இழுத்துப் பாரு, வராது" என்பார். வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே ஏணி ஏறினேன். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. உறைக்குள்ளேயே தண்ணீர் ஒரு முழம் ஊர்ந்திருந்தது. ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை, புது வயர்தான். முதல் கடையில் கொடுத்ததைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம், செம்பு பூசிய அலுமினியம். அடுத்த கடையில் முழுச் செம்பு கிடைத்தது. குரங்குக்காகப் பிவிசி குழாயும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே வயர்களைச் செருகிப் பின்னை நசுக்கினேன்.

"ஷாக்கு அடிக்கப்போவுது, இறங்கு புள்ள" என்று கீழேயிருந்து அத்தை. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கணக்கில், சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இதில் ஓடுவது ஓரிரண்டு வோல்ட்தான் என்றால் நம்ப மாட்டார். "ஒங்கப்பன் வளர்த்த லட்சணம்" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

வேகம் 280ஐத் தாண்டியது. ஏணியில் இருந்தபடியே அப்பாவைக் கூப்பிட்டு வேலையைக் காட்டினேன். "சுவருக்குள்ள போற எடத்துல தண்ணி சொட்ட வளைவு விட்டியா? கிட்டக் காட்டு." காட்டினேன். "இன்னும் கொஞ்சம் தொங்கணும்." தொங்கவிட்டேன். வெகுநேரம் வயரைப் பற்றியே பேசினோம். மருமகன் எப்படியிருக்கிறார் என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு நேரமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த மருமகன்தான்.